சுட்டவள் ஒருத்தி, பேர் வாங்கியவன் ஒருத்தன்

கௌபாய் படங்களின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். முதலில், நல்லவனும் கெட்டவனும் நடுத்தெருவில் நின்று சுட்டுக்கொண்ட எளிய சாகசக் காலம். அடுத்து, துப்பாக்கி வீரனின் தனிமையையும் மனச்சுமையையும் பேசிய ‘தி கன்ஃபைட்டர்’, ‘ஹை நூன்’, ‘ஷேன்’ போன்ற 1950-களின் படங்கள். பிறகு 1962-ல் ஜான் ஃபோர்டு ‘தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்’ எடுத்து, மேற்கின் வீரக்கதைகளுக்கு அடியில் பொய் கிடக்கிறது என்று காட்டினார். அதன் பின்னால் இத்தாலிக்காரர்கள் வந்தார்கள். மிச்சமிருந்த புனிதமும் போயிற்று. இந்த வரிசையில் நகைச்சுவைப் படங்களுக்கு இடமே இல்லை. பயந்தாங்கொள்ளி ஒருவன் தற்செயலாக வீரனாகிவிடும் படங்களை, கனமான இரண்டு படங்களுக்கு நடுவே இளைப்பாறப் பார்க்கும் சரக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மிஞ்சிப்போனால், 1974-ல் வந்த மெல் புரூக்ஸின் ‘பிளேசிங் சாடில்ஸ்’ படத்துக்கு ஒரு பத்தி கிடைக்கும். அதற்கு முந்தியவை எல்லாம் பல்லில்லாத கேலி என்பதே பொதுவான தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பு தவறு என்பது என் வாதம். சின்னத் தவறும் இல்லை. வரிசையையே தலைகீழாக்கும் தவறு. மேற்கின் வீரன் என்பவன் அடுத்தவர் சுட்ட குண்டுக்குப் பேர் வாங்கியவனாக இருக்கலாம் என்ற எண்ணத்தை, ஃபோர்டின் 1962 படத்துக்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே ஒரு நகைச்சுவைப் படம் முழுசாகக் கையாண்டுவிட்டது. அதுவும் தயங்கித் தயங்கி, ஜாடையாகச் சொல்லவில்லை. தன் கதையின் நடுத்தூணாகவே அதை நட்டு வைத்தது. அந்தப் படம் 1948-ல் வெளிவந்த ‘தி பேல்ஃபேஸ்’. இயக்கியவர் நார்மன் மெக்லியாட். எழுதியவர்களில் முக்கியமானவர்கள் எட்மண்ட் ஹார்ட்மனும் ஃபிராங்க் தாஷ்லினும். நாயகன் பாப் ஹோப், நாயகி ஜேன் ரஸ்ஸல். பாரமவுண்ட் நிறுவனம் டெக்னிகலரில் எடுத்த இந்தப் படம் வசூலில் பெரும் வெற்றி. வெற்றி பெற்றதாலேயே அதை யாரும் சிந்தனையோடு பார்க்கவில்லை என்று தோன்றுகிறது. கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்த ஒன்றில் கருத்து இருக்க முடியாது என்று நம்புவது விமர்சகர்களின் பழைய நோய்.

கதையை நினைவூட்டுகிறேன். பூர்வகுடியினருக்கு யாரோ திருட்டுத்தனமாகத் துப்பாக்கிகளைக் கடத்துகிறார்கள். கடத்துவது யார் என்று கண்டுபிடித்தால் மன்னிப்பு உண்டு என்று, சிறையில் இருக்கும் கலாமிட்டி ஜேனிடம் அரசாங்கம் பேரம் பேசுகிறது. குடியேறப் போகும் வண்டித் தொடரில் அவள் கணவன் மனைவியாக ஒருவனோடு போகவேண்டும் என்பது திட்டம். கூட வரவேண்டிய அரசு உளவாளி கொல்லப்படுகிறான். தப்பியோடும் ஜேனுக்குக் கைக்குக் கிடைத்தவன் பீட்டர் பாட்டர்: வலிக்காமல் பல் பிடுங்குவதாக விளம்பரம் செய்துகொள்ளும் அரைகுறைப் பல் வைத்தியன், வாய்ச்சவடால்காரன், சத்தம் கேட்டாலே நடுங்குகிறவன். அவனைக் கல்யாணம் செய்துகொண்டு வண்டியேறுகிறாள். வழியில் பூர்வகுடியினர் தாக்குகிறார்கள். குறி தப்பாமல் சுட்டு வீழ்த்துவது ஜேன். சண்டை முடிந்ததும் கிடக்கும் உடல்களைப் பார்த்து, எல்லாம் தன் கைவேலை என்று பாட்டர் நம்புகிறான். ஜேன் மறுக்கவில்லை. ஊரே அவனைத் தோளில் தூக்குகிறது.

ஜேன் ஏன் மறுக்கவில்லை என்பதில்தான் படத்தின் கூர்மை இருக்கிறது. அடக்கத்தாலோ காதலாலோ அவள் வாயை மூடிக்கொள்ளவில்லை. கடத்தல்காரர்கள் பாட்டரை அரசாங்க உளவாளி என்று நினைக்கட்டும், அவர்களுடைய குறி அவன்மேல் திரும்பட்டும், தான் நிம்மதியாகத் துப்பறியலாம் என்பது அவள் கணக்கு. ஆக, இந்தப் படத்தில் வீரன் என்பவன் தூண்டில் புழு. அவனுடைய பெருமையைத் தயாரித்தவள் ஒருத்தி. தயாரித்ததற்கு அரசியல் காரணம் இருக்கிறது. அதை விலைகொடுத்து வாங்கியது ஊர் மக்களின் ஆசை. அதைச் சுமக்கிறவனுக்கோ உண்மையில் என்ன நடந்தது என்பதே தெரியாது. ஒரு வீரக்கதை எப்படிப் பிறக்கிறது, யாருக்குப் பயன்படுகிறது, யார் அதற்கு விலை கொடுக்கிறார்கள் என்ற மூன்று கேள்விக்கும் படத்தின் முதல் பாதியிலேயே பதில் கிடைத்துவிடுகிறது. ‘சீரியஸான’ கௌபாய் படங்களில் இந்த மூன்றையும் ஒருசேரக் கேட்டவை மிகக் குறைவு.

இதை ‘லிபர்ட்டி வேலன்ஸ்’ படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிழக்கிலிருந்து வரும் வக்கீல் ரேன்சம் ஸ்டோடார்டுக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியாது. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் அந்த வேடத்தில் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறார். சுடக் கற்றுக்கொள்ளப் போகும் காட்சியில், ஜான் வேய்ன் பெயிண்ட் டப்பாக்களைச் சுட்டு அவர்மேல் வண்ணத்தைக் கொட்டவைக்கிறார். கடைசியில் இடுப்பில் கட்டிய சமையல் ஏப்ரனோடு ரவுடியை எதிர்கொள்ளப் போகிறார். ரவுடி விழுகிறான், ஸ்டோடார்டு வீரனாகிறார், செனட்டராகிறார். பல ஆண்டு கழித்துத்தான் தெரிகிறது, இருட்டுச் சந்திலிருந்து சுட்டது வேறொருவர் என்று. கிழக்கத்திய ஏமாளி, மறைவிலிருந்து பாய்ந்த குண்டு, தப்பான ஆளுக்குப் போன புகழ்: எலும்புக்கூடு அப்படியே ‘தி பேல்ஃபேஸ்’. ஃபோர்டு அதைப் பார்த்துத்தான் எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆதாரம் கிடையாது. நான் சொல்வது இதுதான்: அமெரிக்காவின் மாபெரும் இயக்குநர் தன் முதுமையில் வந்து சேர்ந்த இடத்தில், ஒரு நகைச்சுவைப் படம் முன்கூட்டியே உட்கார்ந்திருந்தது. ஃபோர்டுக்கும்கூட அந்த இடத்துக்குப் போக ஏப்ரன் கட்டிய, பெயிண்டில் நனைந்த, கோமாளித்தனமான ஒரு நாயகன் தேவைப்பட்டான்.

அதே 1948-ல் ஃபோர்டே ‘ஃபோர்ட் அபாச்சி’ எடுத்தாரே, அதில் வீணாகப் படையைச் சாகக் கொடுத்த தளபதியைப் பத்திரிகைகள் வீரனாக்குவது வருகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் தளபதி முட்டாள்தனமாக இருந்தாலும் களத்தில் நின்று சாகிறான். புகழுக்குக் கீழே தைரியம் என்ற ஒரு சல்லிக்காசாவது இருக்கிறது. பாட்டரிடம் அதுவும் இல்லை. புகழுக்கும் செயலுக்கும் இடையில் ஒட்டும் உறவும் துளிகூட இல்லாத நிலையைக் காட்டத் துணிந்தது நகைச்சுவைப் படம்தான். சீரியஸான படத்தால் அவ்வளவு தூரம் போக முடியாது. போனால் பார்வையாளனுக்குக் கையில் பிடித்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது. சிரிப்பு இருப்பதால்தான் அந்த வெறுமையை முழுசாகப் பார்க்க முடிகிறது.

இன்னொரு வித்தியாசம் வடிவத்தில் இருக்கிறது. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. ஃபோர்டின் படத்தில் நாமும் ஊராரோடு சேர்ந்து ஏமாறுகிறோம். சந்தில் நின்றவர் யார் என்பது கடைசியில்தான், நினைவுக்குள் இன்னொரு நினைவாக அவிழ்கிறது. உண்மை தெரிந்த பத்திரிகை ஆசிரியர் அதை அச்சிட மறுக்கிறார். கட்டுக்கதைக்கே மரியாதை செய்கிறார். பொய் என்று தெரிந்தபின்னும் நமக்குள் எழுவது ஒரு மெல்லிய சோகம். அந்தச் சோகத்துக்குள் பொய் பத்திரமாக உயிர்வாழ்கிறது. ‘தி பேல்ஃபேஸ்’ இந்தச் சலுகையைக் கொடுப்பதில்லை. யார் சுடுகிறார்கள் என்பதை அது ஆரம்பத்திலிருந்தே காட்டிவிடுகிறது. ஊர் கைதட்டும்போது நாம் கைதட்டுவதில்லை. ஊர் கைதட்டுவதைப் பார்க்கிறோம். பொய் உருவாகும் வேளையிலேயே, அது உருவாகும் விதத்தைப் பார்க்கும் இடத்தில் நம்மை உட்காரவைக்கிறது படம். சோகம் பொய்யை மன்னிக்கிறது. சிரிப்பு அதை அம்பலத்தில் நிறுத்துகிறது. எது நேர்மையான வழி என்று கேட்டால், இரண்டாவதைத்தான் நான் சொல்வேன்.

படத்தின் புகழ்பெற்ற துப்பாக்கிச் சண்டைக் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். வீரன் என்ற பட்டத்தோடு பகட்டாக உடுத்தி சலூனில் திரியும் பாட்டர், ஒரு பெண் விஷயமாகப் பிக் ஜோ என்ற முரடனோடு மோத நேர்கிறது. தெருவில் இறங்குவதற்கு முன் ஊர்க்காரர்கள் ஆளுக்கொருவராக வந்து அவன் காதில் யோசனை சொல்கிறார்கள். அவன் இடது பக்கத்திலிருந்து துப்பாக்கி உருவுவான், நீ வலப்பக்கம் சாய் என்கிறான் ஒருவன். கிழக்கிலிருந்து காற்றடிக்கிறது, குறியை மேற்கே வை என்கிறான் இன்னொருவன். அவன் குனிந்து சுடுவான், நீ நுனிக்காலில் நில் என்கிறான் மூன்றாமவன். பாட்டர் இவற்றை மனப்பாடம் செய்துகொண்டே நடக்கிறான். நடக்க நடக்க இடது, வலது, காற்று, கால், கிழக்கு, மேற்கு எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, அர்த்தமே இல்லாத ஒரு மந்திரமாகிவிடுகிறது. கடைசியில் பிக் ஜோ விழுகிறான். சாகட்டும் என்று முதலில் விட்டுவிட நினைத்து, பிறகு மனம் பொறுக்காமல் ஜேன் சுட்ட குண்டு அது.

இந்தக் காட்சியை வெறும் நாக்குச் சுழற்றும் வேடிக்கை என்று கடந்துபோகிறார்கள். உண்மையில் கௌபாய் படங்களின் மையச் சடங்கையே இது பிரித்துப் போட்டுவிடுகிறது. நேருக்கு நேர் மோதல் என்பது தனிமனிதனின் திறமைக்கும் நெஞ்சுரத்துக்கும் வைக்கப்படும் இறுதித் தேர்வு என்றுதான் மற்றப் படங்கள் சொல்லிவந்தன. இங்கே அந்தத் திறமை முழுவதும் பேச்சாக மாறி ஊராரின் வாயில் இருக்கிறது. மூன்று யோசனையும் தனித்தனியே சரியாகக்கூட இருக்கலாம். சேர்ந்தால் எதற்கும் உதவாது. தெருவில் நிற்கும் இருவரும் சண்டையைத் தீர்மானிக்கவில்லை. அதைத் தீர்மானித்தவள் தெருவிலேயே இல்லை. கௌபாய் படத்தின் உச்சக்கட்டம் என்பது வீரத்தின் நிரூபணம் இல்லை, வெளியே தெரியும்படி ஏற்பாடு செய்யப்பட்ட ஒரு காட்சி என்று இதைவிடத் தெளிவாகச் சொன்ன இன்னொரு காட்சி எனக்குத் தெரியவில்லை.

வரலாறும் இந்தக் கோமாளியின் பக்கமே நிற்கிறது. இரண்டு பேர் தெருவில் எதிரெதிரே நின்று துப்பாக்கி உருவும் மோதல்கள் நிஜ மேற்கில் மிக அரிது. எல்லோரும் உதாரணமாகக் காட்டுவது 1865-ல் மிசௌரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் வைல்ட் பில் ஹிக்காக்கும் டேவிஸ் டட்டும் மோதியதைத்தான். கான்சஸின் ஐந்து மாட்டுச்சந்தை ஊர்களான அபிலீன், எல்ஸ்வொர்த், விச்சிட்டா, டாட்ஜ் சிட்டி, கால்ட்வெல் ஆகியவற்றில் 1870 முதல் 1885 வரை நடந்த கொலைகளை வரலாற்றாசிரியர் ராபர்ட் டிக்ஸ்ட்ரா கணக்கெடுத்தார். மொத்தம் 45. திரையில் நாம் பார்த்துப் பழகிய பிணக்குவியலுக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. குவியலை உண்டாக்கியவை மலிவுவிலை நாவல்களும், 1883-ல் பஃபலோ பில் தொடங்கிய ‘வைல்ட் வெஸ்ட்’ காட்சிகளும்தான். நிஜக் கலாமிட்டி ஜேன், அதாவது 1903-ல் இறந்துபோன மார்த்தா ஜேன் கனாரி, உயிரோடிருக்கும்போதே அந்த நாவல்களில் பாத்திரமாகிவிட்டார். 1896-ல் அவர் பெயரில் வந்த வாழ்க்கைக் குறிப்பிலும், அவர் செய்யாத பல சாகசங்கள் சேர்ந்துகொண்டன. பல் வைத்தியன் வீரனாவதும் வெறும் கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். டூம்ஸ்டோன் ஊரில் 1881-ல் நடந்த ஓ.கே. கொரால் மோதலில் இருந்த டாக் ஹாலிடே, பிலடெல்பியாவில் 1872-ல் பட்டம் பெற்ற பல் மருத்துவர். ஃபோர்டின் ‘மை டார்லிங் கிளெமென்டைன்’ அவரை அறுவைச் சிகிச்சை நிபுணராக உயர்த்தியது, கௌரவம் போதவில்லை என்பதுபோல.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு: பகடி என்பது ஒட்டுண்ணி; மூலப் படங்கள் இல்லாவிட்டால் அதற்கு உயிர் கிடையாது; ஆகவே அதற்குச் சொந்தக் கருத்து இருக்க முடியாது. பகடிக்கு மூலம் தேவை என்பது உண்மைதான். ஆனால் மூலத்தை என்ன செய்கிறது என்பதே கேள்வி. தாஷ்லின் இதை ‘தி வர்ஜீனியன்’ மீதான அங்கதமாகத்தான் எழுதினார். ஓவன் விஸ்டர் 1902-ல் எழுதிய அந்த நாவலில், கிழக்கிலிருந்து வரும் ஆசிரியை மோலி, சண்டைக்குப் போகாதே என்று காதலனிடம் மன்றாடுகிறாள். அவன் போகிறான், வெல்கிறான், அவள் பணிகிறாள். கிழக்கு என்றால் பெண், படிப்பு, பலவீனம். மேற்கு என்றால் ஆண், துப்பாக்கி, உண்மை. அந்த வகைப் படங்கள் அனைத்தும் நின்ற அஸ்திவாரம் இது. ‘தி பேல்ஃபேஸ்’ அஸ்திவாரத்தின் இரண்டு கற்களையும் இடம் மாற்றிவைக்கிறது. பலவீனமான கிழக்கு ஆணாகிறது, சுடத் தெரிந்த மேற்கு பெண்ணாகிறது. மாற்றிவைத்ததும் பழைய கட்டடம் நிற்கவில்லை. ஒன்றை மாற்றிப் பார்த்து மற்றது என்ன ஆகிறது என்று கண்டறிவதுதான் சோதனை. சோதனைக்குப் பெயர் சிந்தனை.

பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பாஸான் 1955-ல் எழுதிய கட்டுரை ஒன்றையும் இங்கே நினைவுகூர வேண்டும். வெறும் கௌபாய் படமாக இருக்க வெட்கப்பட்டு, சமூகம், ஒழுக்கம், உளவியல் என்று வெளியிலிருந்து ஏதாவது ஒன்றை இரவல் வாங்கிக் கௌரவம் தேடும் படங்களை அவர் அதிமேற்கத்தியப் படங்கள் என்று பெயரிட்டு விமர்சித்தார். ‘ஹை நூன்’, ‘ஷேன்’ இரண்டையும் அதற்கு உதாரணம் காட்டினார். நம் விமர்சகர்கள் சிந்தனையைத் தேடுவது பெரும்பாலும் அப்படி இரவல் வாங்கிய இடத்தில்தான். நகைச்சுவைப் படம் வெளியிலிருந்து எதையும் வாங்குவதில்லை. குதிரை, வண்டி, சலூன், துப்பாக்கி, சண்டை என்று உள்ளே இருக்கும் சாமான்களை வைத்தே அது கேள்வி கேட்கிறது. கருத்து தெரியும்படி நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்ளாததால் கருத்தே இல்லை என்று முடிவுகட்டுவது நம்முடைய சோம்பல்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. தாஷ்லினே பிற்காலத்தில் இந்தப் படத்தைப் பற்றிக் கசப்போடு பேசினார். தான் எழுதிய அங்கதத்தை மெக்லியாட் கெடுத்துவிட்டார் என்றும், அந்த ஏமாற்றம்தான் தன்னை இயக்குநராகத் தூண்டியது என்றும் சொன்னார். எழுதியவரே கெட்டுப்போனது என்ற பிறகு நாம் ஏன் வாதாட வேண்டும்? தாஷ்லின் கார்ட்டூன் படங்களிலிருந்து வந்தவர். அவர் விரும்பியது இன்னும் வேகமான, இன்னும் காட்டமான படம். 1952-ல் அவரே இயக்கிய ‘சன் ஆஃப் பேல்ஃபேஸ்’ அப்படித்தான் இருக்கிறது, தறிகெட்ட கார்ட்டூன்போல. அதில் வேடிக்கை கூடியிருக்கிறது. ஆனால் பொய் எப்படி உருவாகிறது என்று கவனிக்கும் நிதானம் குறைந்திருக்கிறது. மெக்லியாட் காட்சிகளை ஒரு சாதாரண கௌபாய் படம்போலவே எடுத்தார். வண்டித் தொடர் நிஜமாகவே தெரிகிறது, ஊரும் அப்படியே. அந்த நிஜத்தின் நடுவே பொய்யான வீரன் நிற்பதால்தான் ஊராரின் நம்பிக்கை நமக்கு உறைக்கிறது. கார்ட்டூன் உலகத்தில் எல்லாமே பொய். அங்கே ஒரு பொய் வீரன் தனித்துத் தெரியமாட்டான். தாஷ்லினின் மனத்தாங்கல் நியாயமாக இருக்கலாம். அது படத்தைப் பற்றிய இறுதித் தீர்ப்பு ஆகாது.

மூன்றாவது மறுப்பு: கடைசியில் பாட்டர் நிஜமாகவே துணிந்து ஜேனைக் காப்பாற்றுகிறானே, ஆக படம் சுற்றிச் சுற்றிப் பழைய வீரனிடமே திரும்பிவிடுகிறதே என்பது. திரும்பவில்லை. அவன் எப்படிக் காப்பாற்றுகிறான் என்று பாருங்கள். குறிபார்த்துச் சுட்டல்ல, தற்செயலாக உயிர்தப்பி, மாறுவேடம் போட்டு, பதற்றத்தோடு தில்லுமுல்லு செய்து காப்பாற்றுகிறான். அவன் பயம் கடைசிவரை போகவே இல்லை. பயத்தோடேயே திரும்பி வருகிறான். கௌபாய் படங்கள் வழக்கமாகச் சொல்வது பயமற்றவனின் கதை. பயந்தவன் பயந்தபடியே ஒருத்திக்காகத் திரும்பிவருவது வேறு வகையான ஒழுக்கம், எல்லோருக்கும் எட்டக்கூடிய ஒழுக்கம். படத்தின் முடிவும் இதைக் காக்கிறது. தம்பதியாக வண்டியில் கிளம்பும் வேளையில், குதிரைகள் வண்டியை விட்டுக் கடிவாளம் பிடித்த ஜேனை இழுத்துக்கொண்டு ஓடிவிடுகின்றன. பாட்டர் நம்மைப் பார்த்து, சுபமான முடிவையா எதிர்பார்த்தீர்கள் என்ற பொருளில் கேட்கிறான். வீரனைச் சூரிய அஸ்தமனத்துக்குள் அனுப்பிவைக்கும் மரபை அது கடைசி நொடியிலும் ஏற்க மறுக்கிறது.

பயம் என்ற விஷயத்தில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பாப் ஹோப் இரண்டாம் உலகப் போர்க்காலம் முழுவதும் ராணுவ முகாம்களுக்குப் போய் வீரர்கள் முன் நிகழ்ச்சி நடத்தியவர். அங்கே அவர் போட்டுக்கொண்டு போன வேடமும் தற்பெருமை பேசும் கோழைதான். சாவைப் பக்கத்தில் பார்த்துத் திரும்பியவர்கள் அந்தக் கோழையைப் பார்த்துச் சிரித்தார்கள். பயம் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு, பயப்படாத நாயகன்தான் அந்நியன். 1948-ல் திரையரங்குகளில் உட்கார்ந்திருந்தவர்களில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம். படத்துக்கு ஆஸ்கர் வாங்கித்தந்த ஜே லிவிங்ஸ்டன், ரே எவன்ஸின் ‘பட்டன்ஸ் அண்ட் போஸ்’ பாட்டையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். பரந்த புல்வெளியைப் போற்றுவது கௌபாய் பாட்டின் வழக்கம். இந்தப் பாட்டோ முள்ளும் கரடுமுரடான வண்டியும் போதும், நகரத்தின் பகட்டான உடைகள் இருக்கும் இடத்துக்கே போகலாம் என்று ஏங்குகிறது. டைனா ஷோர் பாடிய இசைத்தட்டு அந்த ஆண்டு விற்பனையில் முதலிடம் பிடித்தது. மேற்கின் மீதான மயக்கம் உச்சத்தில் இருந்ததாகச் சொல்லப்படும் ஆண்டில், மேற்கு வேண்டாம் என்ற பாட்டை ஒரு தேசமே முணுமுணுத்தது.

ஜேன் ரஸ்ஸலை வைத்து வரும் மறுப்பும் உண்டு. ஹோவர்ட் ஹியூஸின் ‘தி அவுட்லா’ படத்தில் உடல் கவர்ச்சிக்காகவே விளம்பரப்படுத்தப்பட்டவர் அவர்; இங்கேயும் அந்தப் பெயரைத்தான் படம் விற்கிறது, பெண் விடுதலை எங்கே வந்தது என்கிறார்கள். விற்றது உண்மை. ஆனால் விற்பனைச் சரக்காக வந்தவரைப் படம் என்ன வேலைக்கு வைத்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கதையை நகர்த்தும் ஒவ்வொரு முடிவும் ஜேனுடையது. பாட்டர் முத்தமிட வரும்போதெல்லாம் துப்பாக்கிக் கட்டையால் அவன் மண்டையில் ஒரு போடு போட்டு மயங்கவைக்கிறாள். அவனோ அது முத்தத்தின் மகிமை என்று நம்புகிறான். தன் ஆண்மையைப் பற்றி ஒருவன் கொண்டிருக்கும் கற்பனையும், அவன் வீரத்தைப் பற்றி ஊர் கொண்டிருக்கும் கற்பனையும் ஒரே வகை என்று அந்தச் சின்ன வேடிக்கை சொல்லிவிடுகிறது. ரஸ்ஸல் இதையெல்லாம் முகத்தில் ஒரு சலனமும் காட்டாமல் செய்கிறார். உழைப்பு ஒருத்தியுடையது, பேர் ஒருவனுடையது என்ற நிலை சினிமாவுக்கு வெளியிலும் உண்டு என்பதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஒரு குற்றச்சாட்டை மட்டும் நான் மறுக்கப்போவதில்லை. பூர்வகுடியினரை இந்தப் படம் நடத்தும் விதம் வெட்கக்கேடானது. அவர்கள் பேச்சு கேலிக்குரியது, சடங்கு கேலிக்குரியது, உயிர் எண்ணிக்கைக்கு மட்டும் உதவுவது. பாட்டரின் பொய்ப் புகழே அவர்களுடைய பிணங்களின்மேல்தான் எழும்புகிறது. அந்தப் பிணங்கள் யாருடையவை என்று படம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அந்தக் காலத்துப் படங்கள் எல்லாமே அப்படித்தான் என்று சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. அது விளக்கமாகுமே தவிர நியாயமாகாது. வீரன் என்ற பொய்யைக் கண்டுகொண்ட படம், எதிரி என்ற பொய்யைக் கண்டுகொள்ளவில்லை. பாதிப் பார்வைதான். ஆனால் இதே குற்றத்துக்காக ‘ஸ்டேஜ்கோச்’ போன்ற படங்களை யாரும் வரலாற்றிலிருந்து நீக்கவில்லை. குறையைச் சொல்லிவிட்டு நிறையைப் படிக்கிறார்கள். அதே நீதியை நகைச்சுவைப் படத்துக்கும் கேட்கிறேன்.

இந்தக் கதையமைப்பு எவ்வளவு உறுதியானது என்பதற்கு அதன் சந்ததியே சாட்சி. 1968-ல் டான் நாட்ஸ் நடிக்க ‘தி ஷேக்கியஸ்ட் கன் இன் தி வெஸ்ட்’ என்று மீண்டும் எடுக்கப்பட்டது. 2011-ல் வந்த ‘ராங்கோ’ அனிமேஷன் படத்தில், சொன்ன பொய்யாலும் தற்செயலாலும் ஷெரீஃபாகும் ஒரு பச்சோந்தி அதே சங்கடத்தில் மாட்டிக்கொள்கிறது. தமிழில் 2010-ல் சிம்புதேவன் எடுத்த ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’, இல்லாமல் போன வீரனின் இடத்தில் நடிக்கக் கொண்டுவரப்படும் ஒருவனின் கதை. ஜெய்சங்கரின் கௌபாய் படங்களைப் பார்த்து வளர்ந்த ஒரு ரசனைக்கு அது மரியாதையும் செய்தது, அதைக் கேள்வியும் கேட்டது. வெறும் இளைப்பாறல் என்றால் இத்தனை தலைமுறைக்கு, இத்தனை நாட்டுக்கு இந்த அச்சு பயன்பட்டிருக்காது. வீரம் யாருடையது, அதற்கு யார் சான்று, அந்தச் சான்றை யார் தயாரித்தார்கள் என்ற கேள்வி எல்லா ஊரிலும் இருப்பதால்தான் அது பயணம் செய்கிறது.

ஆகவே கௌபாய் படங்களின் வரலாற்றைத் திருத்தி எழுத வேண்டும். முதலில் நம்பிக்கை, பிறகு சந்தேகம், கடைசியில் கேலி என்ற வரிசை பொய். கேலி ஆரம்பத்திலிருந்தே கூட வந்தது. 1917-லேயே டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் ‘வைல்ட் அண்ட் வுல்லி’ படத்தில், மேற்கைப் பற்றிய கதைகளில் மூழ்கிய கிழக்கத்தியப் பிள்ளை ஒருவனுக்காக ஊரே பழைய மேற்காக வேடம் போடுவதைக் காட்டிவிட்டார். சந்தேகப்படும் வேலையைச் சீரியஸான படங்கள் பின்னால் வந்து எடுத்துக்கொண்டன. அதற்கான பாராட்டு முழுவதையும் அவையே வாங்கிக்கொண்டன. ஒருவர் சுட, இன்னொருவர் பேர் வாங்கும் அநியாயத்தை அம்பலப்படுத்திய படத்துக்கே அந்த அநியாயம் நடந்திருக்கிறது. இதைச் சரிசெய்வது விமர்சகர்களின் கடமை. அதற்குப் புதிய கோட்பாடு எதுவும் தேவையில்லை. சிரித்துக்கொண்டே பார்த்த படத்தை, எதைப் பார்த்துச் சிரித்தோம் என்ற கேள்வியோடு இன்னொருமுறை பார்த்தால் போதும்.